பதில் போட்டவன்

"பதில் போட்டவனுக்கு எப்படிம்மா திதி கொடுக்கறது?"

ஜகதாம்பாள் இதைக் கோபத்தோடு கேட்கவில்லை. நிஜமாகவே விடை தெரிந்துகொள்ள விரும்புகிறவள்போல் கேட்டாள். ஹம்சினிக்கு அதுதான் சங்கடமாக இருந்தது. கத்தி அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருக்கலாம்.

பாலிகஞ்சில் பழைய கட்டடம் ஒன்றின் மூன்றாவது மாடி. கூடத்தில் மின்விசிறி சுற்றியும் பங்குனிப் புழுக்கம் போகவில்லை. எதிர் நாற்காலியில் பட்டாபிராமன் கைகளைக் கோத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வங்கி அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவியைப் பார்ப்பதும், பார்வையை விலக்குவதுமாக இருந்தார். ஹம்சினியை வரவழைத்தவர் அவர்தான்.

ஹம்சினி முன்பு ஓர் ஆயுள் காப்பீட்டுக் கம்பெனியில் விசாரணை அதிகாரி. இறந்ததாகச் சொல்லப்படுகிறவர்கள் உண்மையிலேயே இறந்துவிட்டார்களா என்று பார்ப்பது அங்கே அவள் வேலை. இப்போது சொந்தமாகத் துப்பறியும் அலுவலகம் வைத்திருந்தாள். அலுவலகம் என்றால் ஓர் அறை, இரண்டு மேஜை, உதவிக்குச் சந்தீப். அவன் கல்கத்தாவிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பையன். வாய்க்கு நாதாங்கி கிடையாது. ஆனால் இந்த வீட்டுக்குள் வந்ததிலிருந்து அவனும் அடங்கித்தான் இருந்தான்.

நடந்தது இதுதான். போன வருஷம் தமிழ்ப் புத்தாண்டு அன்று, கார்டன் ரீச் பக்கம் ஹூக்ளி நதியில் ஒரு நாட்டுப் படகு கோடைப் புயலில் கவிழ்ந்தது. மற்றவர்கள் எல்லோரும் கரையேறிவிட்டார்கள். பட்டாபிராமனின் ஒரே மகன் மது மட்டும் அகப்படவில்லை. கரையில் எடுத்த அவன் பையை வைத்துத்தான் வீட்டுக்குத் தகவல் வந்தது. உடல் கிடைக்கவேயில்லை. பல வாரம் காத்திருந்துவிட்டு, தர்ப்பையால் ஓர் உருவம் செய்து அதற்குக் கொள்ளி வைத்தார் பட்டாபிராமன்.

"அவனுக்கு ஆபீஸ் சால்ட் லேக்ல. சிநேகிதா எல்லாம் இந்தப் பக்கம். கார்டன் ரீச்ல அவனுக்கு என்ன வேலை? இன்னி வரைக்கும் எனக்குத் தெரியலை" என்றார்.

மது படம் எடுப்பதில் பைத்தியமாக இருந்தவன். ஆற்றங்கரைப் படித்துறைகளை எல்லாம் படமெடுத்து ஒரு வெப்சைட்டில் போட்டு வந்தான். மதுபட்டாபி டாட் நெட் என்று தன் பெயரிலேயே இணையப் பெயர் பதிவு செய்து, அதிலேயே ஒரு மெயில் விலாசமும் வைத்திருந்தான். அவன் போன பிறகு ஜகதாம்பாள் அந்த விலாசத்துக்குத் தினமும் எழுத ஆரம்பித்தாள். போனில் தமிழில் தட்டச்சு செய்யக் கற்றுக்கொண்டதே அதற்காகத்தான். மழை பெய்தது, பக்கத்து வீட்டுப் பூனை குட்டி போட்டது, அப்பாவுக்குப் பல்வலி என்று எதையாவது எழுதுவாள். எழுதி அனுப்பிவிட்டால் அன்றைக்குத் தூக்கம் வரும்.

"தை மாசம் திடீர்னு எல்லாம் திரும்பி வர ஆரம்பிச்சுது. அப்படி ஒரு விலாசமே இல்லைன்னு இங்கிலீஷ்ல வரும். அன்னிக்கு இவ விழுந்தவதான்" என்றார் பட்டாபிராமன். "அப்பறம் ஒரு நாள் திரும்பி வர்றது நின்னுது. போன மாசம் பதிலே வந்துடுத்து."

ஜகதாம்பாள் போனை நீட்டினாள். தமிழ் எழுத்தில் ஒரே ஒரு வரி.

'மன்னி, ஆத்துக்கு வராதீங்க. நான் இங்க இல்ல. சாப்பிடுங்க.'

"சித்தப்பா எல்லாம் என்னை மன்னின்னு கூப்பிட்டதைக் கேட்டுக் கேட்டு, அவனும் என்னை மன்னின்னுதான் கூப்பிடுவான். அம்மான்னு ஒரு நாள் கூப்பிட்டதில்லை" என்றாள் ஜகதாம்பாள். அவள் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. "யாருக்கும்மா தெரியும் இது?"

"அவனுக்குத் தமிழ் எழுத வராது ஜகதா. பெங்காலி எழுதுவான், இங்கிலீஷ் எழுதுவான்."

"கத்துண்டிருப்பான்."

"உன்னை அவன் என்னிக்காவது 'வராதீங்க'ன்னு சொல்லியிருக்கானா? நீ, வா, போதான்."

"வெளில இருக்கான். மரியாதை கத்துண்டிருப்பான்." அவள் ஹம்சினியின் கையைப் பிடித்தாள். "எங்கயோ ஒரு ஆம் பார்த்துண்டு குடியிருக்கான். என்னமோ கஷ்டம், நம்மளை வரவேண்டாங்கறான். நீ எனக்கு அந்த ஆம் எதுன்னு மட்டும் கண்டுபிடிச்சுக் குடு."

இந்த மெயிலுக்கு முன்னால் நீங்கள் என்ன எழுதியிருந்தீர்கள் மாமி என்று ஹம்சினி கேட்டாள். ஜகதாம்பாள் போனைப் புடவைத் தலைப்புக்குள் வைத்துக்கொண்டாள். "வழக்கமா எழுதறதுதான்" என்றாள்.

வாசல் வரைக்கும் வந்து வழியனுப்பிய பட்டாபிராமன் குரலைத் தாழ்த்தினார். "அடுத்த வாரம் வருஷத் திதி. சாஸ்திரிகள் கேட்டுண்டே இருக்கார். இவ பண்ணக்கூடாதுங்கறா. யாரோ ஏமாத்தறான். இவ நம்பிட்டா, நாளைக்குப் பாஸ்வேர்டு கேட்பான், பேங்க் விவரம் கேட்பான். அந்தப் பாவி யாருன்னு எனக்குத் தெரியணும்மா."

டாக்சியில் சந்தீப் லேப்டாப்பைத் திறந்தான். கட்டடத்தை விட்டு வெளியே வந்ததும் அவனுக்கு வாய் திரும்ப வந்துவிட்டது. ஹம்சினியை அவன் வங்காளிகள் அக்காவைக் கூப்பிடுவதுபோல் தீதி என்றுதான் கூப்பிடுவான்.

"தீதி, மனுஷன் போனா பதிமூணு நாள்ல எல்லாம் முடிஞ்சுடும். இணையப் பேர் செத்தா அதைவிடப் பெரிய சடங்கு. கெடு முடிஞ்சதும் வெப்சைட், மெயில் எல்லாத்தையும் நிறுத்துவாங்க. ஆனா உடனே விக்க மாட்டாங்க. முதல்ல கருணைக் காலம். அதுல சொந்தக்காரன் வரலைன்னா மீட்புக் காலம், அபராதம் கட்டி மீட்டுக்கலாம். அப்பவும் வரலைன்னாதான் அழிப்பாங்க. அழிச்ச அடுத்த நிமிஷம் கழுகு மாதிரி நாலு கம்பெனி பாயும். எவன் முதல்ல பதிவு பண்றானோ பேர் அவனுக்கு. அந்தப் பேருக்கு வர்ற மெயிலும் அவனுக்கு. இங்க அதான் நடந்திருக்கு. ஒரு கழுகு தூக்கியிருக்கு, மாமியோட மெயிலைப் படிச்சிருக்கு, வேலையைக் காட்டுது."

"யார் பேர்ல இருக்கு?"

"முன்னெல்லாம் பேர், வீடு, போன் நம்பர் எல்லாம் பப்ளிக்கா போட்டிருப்பாங்க. இப்ப தனியுரிமைன்னு மூடிட்டாங்க. கல்யாணப் பொண்ணுக்குக்கூட இவ்வளவு முக்காடு கிடையாது."

"முக்காட்டை விடு. பிறந்த தேதி தெரியுதா?"

"யாரோடது?"

"அந்தப் பேரோடது. முதல்ல பதிவான தேதி."

சந்தீப் திரையைப் பார்த்தான். பிறகு இன்னொரு முறை பார்த்தான். "அது தெரியுது. மது முதல்ல வாங்கின அதே வருஷம்தான் போட்டிருக்கு... ஆரே!"

"அழிஞ்சு வேற ஒருத்தன் எடுத்திருந்தா அது மறுபிறவி. தேதி புதுசா இருக்கும். இது சாகவே இல்லை சந்தீப். சாகற சமயத்துல யாரோ அபராதம் கட்டிப் பிழைக்க வெச்சிருக்கா. கழுகுக்கு அந்த உரிமை கிடையாது. கணக்கோட சொந்தக்காரருக்குத்தான் உண்டு."

"சொந்தக்காரன் ஆத்துல போயிட்டானே தீதி."

"கணக்கு அவன் பேர்ல இருந்ததுன்னு யார் சொன்னா? கீழே பாரு, வேற ஏதாவது மூடாம விட்டிருக்காளா?"

இருந்தது ஒரே ஒரு வரி. பதிவை விற்றுக்கொடுத்த முகவர் பெயர். பந்தர் வெப், கொல்கத்தா. விலாசத்தைத் தேடினான் சந்தீப். கிடைத்ததும் மெதுவாகத்தான் சொன்னான்.

"கார்டன் ரீச்."

டாக்சி அலிப்பூர் நீதிமன்றத்தைக் கடந்தது. கறுப்புக் கோட்டுகள் மர நிழலில் தேநீர் குடித்துக்கொண்டிருந்தன. "கோர்ட் ஆர்டர் இல்லாம ஒருத்தர் பேரைக் கேக்கப் போறோம். அதுவும் கோர்ட் வாசல் வழியாவே போறோம். நமக்குத்தான் என்ன தைரியம்" என்றான் சந்தீப்.

ஹம்சினி சிரிக்கவில்லை. அவளுக்கு அந்தத் தாயின் முகத்தில் வந்த வெளிச்சம் கண்ணிலேயே நின்றது. காப்பீட்டுக் கம்பெனியில் அவள் விசாரித்த குடும்பங்கள் எல்லாம் சாவை நிரூபிக்கச் சொல்லி அவளிடம் கெஞ்சின. இப்போதுதான் முதல்முறையாக ஒருத்தி சாவை நிரூபித்துவிடாதே என்று கையைப் பிடித்திருக்கிறாள்.

பந்தர் வெப் ஒரு சின்னக் கடை. ஆற்றை ஒட்டிய சந்தில், கப்பல் கட்டும் தளத்தின் நீண்ட மதிலுக்கு எதிரே இருந்தது. வெப்சைட் செய்து தரப்படும், இணையப் பெயர் பதிவு செய்யப்படும் என்று வங்காளத்திலும் இந்தியிலும் எழுதியிருந்தது. உள்ளே இரண்டு கம்ப்யூட்டர்கள். ஒன்றில் சுவரைப் பார்த்து உட்கார்ந்து ஒரு பெண் தட்டச்சு செய்துகொண்டிருந்தாள். மற்றொன்றின் எதிரே உரிமையாளர், ரமேஷ்பாபு. நரைத்த மீசை, நெற்றியில் விபூதிக் கீற்று.

ஹம்சினி வங்காளத்தில் ஆரம்பித்தாள். மதுபட்டாபி டாட் நெட் தனக்கு வேண்டும், விலைக்குக் கிடைக்குமா என்று கேட்டாள்.

ரமேஷ்பாபுவின் முகம் இறுகியது. "ஷே பிக்ரி கோர்பே நா" என்றார். அந்த நபர் விற்க மாட்டார் என்று அர்த்தம். "யார்னு கேக்காதீங்க. வாடிக்கையாளர் பேரை வெளியே சொன்னா என் உரிமம் போயிடும்" என்று வங்காளத்திலேயே கையை விரித்தார்.

சந்தீப் சுவரில் தொங்கிய காலண்டரைப் பார்த்தான். முருகன் படம் போட்ட தமிழ் நாள்காட்டி. ஹம்சினிக்குக் கண்ணைக் காட்டினான்.

"நீங்க தமிழா?" என்றாள் ஹம்சினி.

ரமேஷ்பாபு நிமிர்ந்தார். "ஆமாங்க. சேலம் பக்கம். எங்கப்பா ரயில்வேல வேலை கிடைச்சு வந்தாரு. நீங்களும் நம்மூரா? உக்காருங்க, உக்காருங்க." நாற்காலியை இழுத்துப் போட்டார். "தப்பா நினைக்காதீங்க மேடம். எவ்வளவு குடுத்தாலும் அவ விக்க மாட்டா."

சந்தீப் குனிந்து காலணியின் கயிற்றைச் சரிசெய்வதுபோல ஹம்சினியின் காதருகே முணுமுணுத்தான். "பெங்காலியில ஆணும் பெண்ணும் ஒரே வார்த்தை. மனுஷன் ஒளிஞ்சுக்கிட்டிருந்தாரு. தமிழ் காட்டிக் குடுத்துடுச்சு."

ஒரு பெண். ஹம்சினி அதை மனதில் குறித்துக்கொண்டாள். அந்த நேரம் பார்த்துச் சன்னல் கதவு படாரென்று அடித்தது. மேஜையில் இருந்த காகிதங்கள் பறந்தன.

"அந்த சன்னலைச் சாத்தும்மா" என்று ரமேஷ்பாபு மூலைப் பக்கம் குரல் கொடுத்தார். பிறகு ஹம்சினியிடம், "ஆத்துக் காத்துங்க. எந்நேரமும் இப்படித்தான். கம்ப்யூட்டரெல்லாம் துருப்பிடிக்குது" என்றார்.

ஆத்துக் காத்து.

ஹம்சினி அப்படியே உட்கார்ந்திருந்தாள். அவளும் வீட்டில் ஆத்துக்குப் போகிறேன், ஆத்தில் யாரும் இல்லை என்று பேசி வளர்ந்தவள். ஆம் என்றால் வீடு. ஆத்துக்கு என்றால் வீட்டுக்கு. ஜகதாம்பாளும் பட்டாபிராமனும் அப்படித்தான் படித்தார்கள். ஹம்சினியும், ஏன் சந்தீப்பும்கூட, அப்படித்தான் படித்தார்கள். அவர்களைப் போன்ற வீடுகளைத் தவிர்த்துத் தமிழ்நாடு முழுவதும் ஆத்துக்கு என்றால் ஆற்றுக்கு.

ஆத்துக்கு வராதீங்க. ஆற்றுக்கு வராதீர்கள். நான் இங்கே இல்லை. சாப்பிடுங்கள்.

ஆற்றுக்கு வராதே என்று ஒருத்தரிடம் எப்போது சொல்வார்கள்? வருகிறேன் என்று அவர் சொன்ன பிறகுதானே? சாப்பிடு என்று எப்போது சொல்வார்கள்? ஜகதாம்பாள் புடவைத் தலைப்புக்குள் மறைத்துக்கொண்டது எதை என்று ஹம்சினிக்கு இப்போது புரிந்தது.

அவள் ரமேஷ்பாபுவைப் பார்த்துத்தான் பேசினாள். ஆனால் குரலைக் கடை முழுக்கக் கேட்கும்படி உயர்த்தினாள். தமிழில், நிறுத்தி நிறுத்தி.

"பேர் வேண்டாம். அந்தப் பொண்ணுகிட்ட ஒரு விஷயம் மட்டும் சொல்லிடுங்கோ. ஜகதாம்பாள் மாமி இப்ப சாப்பிடறா. ஆனா அந்த பதிலைத் தன் பிள்ளையே போட்டான்னு நம்பிண்டிருக்கா. ஆத்துக்குன்னதை வீட்டுக்குன்னு எடுத்துண்டு, அவன் எங்கயோ உயிரோட இருக்கான்னு சொல்றா. அவனுக்குத் திதி பண்ண விடமாட்டேங்கறா."

மூலையில் தட்டச்சுச் சத்தம் நின்றது.

ரமேஷ்பாபு திரும்பிப் பார்த்தார். சந்தீப்பும் பார்த்தான். அந்தப் பெண் இன்னும் சுவரைப் பார்த்தே உட்கார்ந்திருந்தாள். தோள்கள் மட்டும் ஒரு முறை ஏறி இறங்கின.

"நான் ஆத்தைத்தாங்க சொன்னேன்" என்றாள். "ஆத்துக்குன்னா... ஆத்துக்குத்தான."

அவள் பெயர் கல்பனா. அப்பா பன்னீர்செல்வம் கப்பல் கட்டும் தளத்தில் பற்றவைப்பு வேலை. கல்பனா படிப்பு முடிந்ததிலிருந்து ரமேஷ்பாபுவிடம் இருக்கிறாள். படித்துறைகளைப் படமெடுக்க வந்த மது, வெப்சைட் வைக்க என்ன செய்யவேண்டும் என்று கேட்டுக்கொண்டு இந்தக் கடைக்குள் வந்தான். பெயரைப் பதிவு செய்து கொடுத்தவள் அவள். அடுத்த வருஷம் கணக்கையே அவள் பெயருக்கு மாற்றிவிட்டான் மது. எனக்கு எதுவும் ஞாபகம் இருக்காது, நீயே பார்த்துக்கொள் என்றானாம்.

ஹம்சினி ஒரு நாற்காலியை அவள் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள்.

"கெடு முடியப் போற பேரெல்லாம் மாசாமாசம் என் ஸ்க்ரீன்லதாங்க வரும்" என்றாள் கல்பனா. "அவரு பேரும் வந்துச்சு. என்னால அதைப் பாக்க முடியல. போகட்டும்னு விட்டுட்டேன். அப்புறம் கடைசி நேரத்துல பார்த்தா, அதை எடுக்கறதுக்கு எவனெவனோ காத்துக்கிட்டிருக்கான். அந்தப் பேருல நாளைக்கு ஒருத்தன் சூதாட்டக் கடை வைப்பான். மனசு கேக்கல. அபராதம் கட்டி மீட்டுட்டேன். எல்லாம் சரியா வேலை செய்யுதான்னு மெயில் பெட்டியைத் தொறந்தேன்." அவள் திரையைத் திரும்பிப் பார்த்தாள். "உள்ள முழுக்க அவங்கம்மா. முதல் நாள்லேருந்து. யாருமே படிக்காம."

"எல்லாத்தையும் படிச்சியா?"

"படிச்சேன். பூனைக்கு என்ன பேரு வெச்சாங்கன்னுகூட எனக்குத் தெரியும். ஒரு நாள் எழுதியிருந்தாங்க. 'மது, நான் சாப்பிடறதை விட்டுட்டேன். வெள்ளிக்கிழமை நானும் அங்கயே வந்துடறேன். அப்பா தூங்கினப்புறம் கிளம்பறேன்'னு. எனக்குக் கையும் ஓடல, காலும் ஓடல. நான் யாரு? போன் பண்ணி என்னன்னு சொல்றது? யாரோ ஒருத்தி சொன்னா கேப்பாங்களா? அவரு சொன்னாத்தான் கேப்பாங்க. அம்மாவை மன்னின்னுதான் கூப்பிடுவாருன்னு எனக்குத் தெரியும், அப்படியே எழுதிட்டேன்." கல்பனா முகத்தைத் துப்பட்டாவால் அழுத்தித் துடைத்தாள். "அந்த ஒரு வாட்டிதாங்க. அப்புறம் நான் எழுதவே இல்ல. அவங்க தினம் எழுதறாங்க. இன்னிக்கு என்ன குழம்பு வெச்சேன்னு எழுதறாங்க. சாப்பிடறாங்கன்னு தெரிஞ்சுக்கறதுக்காகப் படிப்பேன்."

சந்தீப் வாசலுக்குப் போய் மதிலைப் பார்த்து நின்றுகொண்டான்.

ஹம்சினி அடுத்த கேள்வியைக் கேட்க வேண்டியிருந்தது. பழைய வேலையில் நூறு பேரிடம் கேட்ட கேள்விதான். "அந்தப் படகுல நீயும் இருந்தியா?" என்று கேட்டாள்.

ஆமாம் என்று கல்பனா தலையசைத்தாள்.

"உண்மையைச் சொன்னா மாமி திரும்பவும் சாப்பாட்டை விட்டுடலாம்" என்றாள் ஹம்சினி. "சொல்லாம விட்டா பெத்த அப்பாவால பிள்ளைக்கு எள்ளும் தண்ணியும் இறைக்க முடியாது. எது சரின்னு எனக்குத் தெரியலை. பேரைச் சொல்லாம நானே போய்ச் சொல்லிடறேன்னாலும் சொல்றேன்."

"நீங்க சொன்னா நம்ப மாட்டாங்க" என்றாள் கல்பனா. எழுந்து நின்றாள். "நான் வர்றேன்."

"வேணாம்மா" என்றார் ரமேஷ்பாபு. "அவங்க வேற மாதிரி ஆளுங்க. உன்னைப் பார்த்து என்ன சொல்லுவாங்களோ."

"என்ன வேணாலும் சொல்லட்டும் மாமா."

பாலிகஞ்ச் வீட்டில் விளக்கேற்றும் நேரம். கதவைத் திறந்த பட்டாபிராமன் கல்பனாவைப் பார்த்தார், ஹம்சினியைப் பார்த்தார். ஏமாற்றுக்காரனைப் பிடித்துக்கொண்டு வருவாள் என்று எதிர்பார்த்தவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஜகதாம்பாள் உள்ளிருந்து அவசரமாக வந்தாள். "ஆம் தெரிஞ்சுதா?" என்றாள்.

"மாமி, பதில் போட்டது இவள்" என்றாள் ஹம்சினி.

சொன்னதில் பாதி காதில் விழாததுபோல ஜகதாம்பாள் நின்றாள். பிறகு தரையிலேயே உட்கார்ந்தாள். கல்பனாவும் எதிரே தரையில் உட்கார்ந்தாள். யாரும் அவளை உட்காரச் சொல்லவில்லை.

கல்பனா எல்லாவற்றையும் சொன்னாள். சாப்பிடுவதை விட்டதையும், வெள்ளிக்கிழமை கிளம்பவிருந்ததையும் சொல்லும்போது குரலைத் தாழ்த்தினாள். இருந்தும் பட்டாபிராமனுக்குக் கேட்டது. அவர் சுவரைப் பிடித்துக்கொண்டார்.

"பக்கத்து ரூம்லதானே ஜகதா நான் இருந்தேன்" என்றார்.

ஜகதாம்பாள் அவரைப் பார்க்கவில்லை. கல்பனாவையே பார்த்தாள். "அன்னிக்கு எதுக்கு அங்க வந்தான்?"

"எங்க வீட்டுக்கு வந்தாருங்க. எங்கப்பாகிட்ட பேசறதுக்கு."

"பேசினானா?"

"பேசினாரு. அப்பா சரின்னுட்டாரு. மத்தியானம் அக்கரைக்குப் போய்ப் படம் எடுக்கலாம்னு கிளம்பினோம். வர்றப்பதான் காத்து வந்துச்சு."

"எங்ககிட்ட ஏன் சொல்லலை?"

"மறுநாள் சொல்றேன்னு சொன்னாருங்க. பைலா பைசாக், வங்காள வருஷப் பிறப்பு, நல்ல நாளுன்னு."

கார்டன் ரீச்சில் அவனுக்கு என்ன வேலை என்பது ஒரு வருஷமாகப் பட்டாபிராமன் விடை தேடிய கேள்வி. விடை அவ்வளவுதான். புயல் ஒரு நாள் பிந்தி வந்திருந்தால் மது சொல்லியே அவர்கள் காதில் விழுந்திருக்கும். அவர் நாற்காலியில் உட்கார்ந்து கண்ணாடியைக் கழற்றினார். பல்லைக் கடித்துக்கொண்டு அழுதார்.

ஜகதாம்பாள் அழவில்லை. முன்னால் நகர்ந்து வந்தாள். "நீ பார்த்தியா?" என்றாள். "எங்கயாவது நீந்திப் போயிருக்கலாம். மறு கரையில ஏறியிருக்கலாம். அடிபட்டு எதுவும் ஞாபகமில்லாம இருக்கலாம். உன் கண்ணால நீ என்ன பார்த்தே? சொல்லு."

கல்பனா ஹம்சினியைத் திரும்பிப் பார்த்தாள். ஹம்சினி தலையைக் குனிந்துகொண்டாள்.

"கரையோரமா சரக்கு ஏத்தற பெரிய தட்டைப் படகு, பார்ஜ், கட்டியிருந்துச்சுங்க. தண்ணி எங்களை அதுகிட்ட இழுத்துட்டுப் போச்சு. எனக்குக் கயிறு கிடைச்சுது. அவரு அது அடியில போனாரு. நான் பார்த்தேன். இந்தப் பக்கமும் வரல, அந்தப் பக்கமும் வரல. எங்கப்பா, படகுக்காரங்க, எல்லாரும் ராத்திரி வரைக்கும் தேடினாங்க. வரவே இல்ல."

"பார்த்தியா?"

"பார்த்தேங்க."

கீழே தெருவில் டிராம் மணி ஒலித்து ஓய்ந்தது. ஜகதாம்பாளின் முகத்திலிருந்த வெளிச்சம் அணைவதை ஹம்சினி பார்த்தாள். இத்தனை வருஷ வேலையில் இவ்வளவு கொடுமையான ஒன்றைத் தான் செய்ததில்லை என்று அவளுக்குத் தோன்றியது.

"இன்னிக்குக் காலம்பர வரைக்கும் எனக்குப் பிள்ளை இருந்தான்" என்றாள் ஜகதாம்பாள்.

அவள் தரையில் கையூன்றி எழுந்தாள். எழும்போது தடுமாறினாள், பிடிக்க வந்த கல்பனாவின் கையை விலக்கினாள். உள்ளே போகுமுன் கணவரிடம், "சாஸ்திரிகளுக்குச் சொல்லிடுங்கோ" என்றாள். அறைக்கதவு சாத்திக்கொண்டது.

பட்டாபிராமன் போனை எடுத்தார். எண் கண்ணுக்குத் தெரியவில்லை. சந்தீப் வாங்கி, எண்ணைப் போட்டு, அவர் காதருகே பிடித்தான். "நான்தான்... ஆமாம், பண்ணிடலாம்" என்றார் அவர். மிச்சத்தைச் சந்தீப் பேசினான், அடக்கமாக, ஒரு வார்த்தை கூடுதலில்லாமல்.

அவர்கள் மூவரும் படியிறங்கினார்கள். கல்பனா கைப்பிடிச் சுவரைத் தடவிக்கொண்டே முன்னால் இறங்கினாள். இரண்டாவது மாடி திரும்பும் இடத்தில், மேலே கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"ஏய் பொண்ணே!"

ஜகதாம்பாள் மேல்படியில் நின்றிருந்தாள். தலைமுடி அவிழ்ந்திருந்தது. கண்கள் சிவந்து வீங்கியிருந்தன. கல்பனா நிமிர்ந்து பார்த்து, அடி விழும் என்று எதிர்பார்க்கிறவள்போல நின்றாள்.

"உன் பேர் என்ன?"

"கல்பனாங்க."

ஜகதாம்பாள் அந்தப் பெயரை வாய்க்குள் ஒரு முறை சொல்லிப் பார்த்தாள். மூச்சை இழுத்து விட்டாள்.

"இனிமே எழுதினா, உன் பேரைப் போட்டு எழுது" என்றாள்.